கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்து வயல்: முதலில் கணக்கு, அப்புறம் தண்ணி

"தண்ணி இலவசம், உரமும் இலவசம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு என்ன கிறுக்கா?"

கடற்கரை நகரங்களை ஒட்டிய ஊர்களில் இயற்கை உழவர்களைப் பார்த்து இப்படிக் கேட்பவர்கள் இனி பெருகுவார்கள். நகரத்துக்குப் பாதாள சாக்கடை வருகிறது. அதன் கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வருகிறது. அது எங்கே வரும்? நகரத்தின் நடுவில் வராது. நிலம் தாழ்ந்து கிடக்கும் ஓரத்தில், உப்பனாற்றுக் கரையில், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வரும். அதாவது நம்ம வயலுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவில் வரும். சுத்தம் செய்த தண்ணி வடிகாலில் போகும். அடியில் தங்கும் கசடு களத்தில் காயும். கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது நாள் தவறாமல் ஓடுகிற தண்ணி அது ஒன்றுதான். கடைமடை உழவனுக்கு அதைப் பார்த்து ஆசை வருவதில் தப்பே இல்லை.

இதில் நம்ம இயக்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. "சாக்கடைத் தண்ணி எந்த ரூபத்தில் வந்தாலும் இயற்கை வேளாண்மைக்குள் விடக்கூடாது" என்பது ஒரு கட்சி. "மனிதக் கழிவு மண்ணுக்குத்தானே திரும்பணும், அதுதானே இயற்கைச் சுழற்சி" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. என் கருத்து இதுதான்: தண்ணியைப் பற்றிப் பேசலாம், ஆனால் கணக்குக் காட்டினால் மட்டுமே. கசடைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆலை எதை எடுக்கும், எதை விடும்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுத்திகரிப்பு நிலையம் நமக்கு எதிரி அல்ல. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். சுத்தம் செய்ய நிறுவியிருக்கும் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்தமாகி வெளியே போவது 2,024 கோடி லிட்டர். நூற்றுக்கு 28 பங்குதான். மீதி எல்லாம் ஆற்றிலும் ஏரியிலும் கடலிலும் அப்படியே கலக்கிறது. ஆகவே ஆலையே வேண்டாம் என்று சொன்னால், பச்சைச் சாக்கடையே போதும் என்று சொன்னதாக ஆகிவிடும். நாம் கேட்க வேண்டியது ஒழுங்காக ஓடுகிற ஆலையை.

ஆலைக்குள் என்ன நடக்கிறது? கம்பி வலையில் குப்பை நிற்கும். அடுத்த தொட்டியில் மணல் படியும். அதற்கு அடுத்த தொட்டியில் காற்றை ஊதுவார்கள். அங்கே நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணியில் கரைந்திருக்கும் மலத்தையும் சோப்பையும் சாப்பாட்டு மிச்சத்தையும் தின்னும். நம்ம அமுதக்கரைசல் பானையில் நடப்பதற்குத் தூரத்துச் சொந்தம் இது. தின்று பெருகிய நுண்ணுயிர்க் கூட்டம் அடுத்த தொட்டியில் அடியில் படியும். அதுதான் கசடு. மேலே தெளிந்த தண்ணிக்குக் குளோரின் போட்டு வெளியே விடுவார்கள்.

இந்த முறை எடுப்பது மட்கும் பொருளையும், கிருமியில் பெரும் பகுதியையும். எடுக்காதது எது? உப்பை எடுக்காது. போரானை எடுக்காது. காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களைத் தண்ணியிலிருந்து கொஞ்சம் பிரித்துக் கசடில் சேர்க்கும், அழிக்காது. நாம் முழுங்கும் மாத்திரைகளின் மிச்சத்தில் சிலதை அப்படியே விட்டுவிடும். குடற்புழு முட்டைக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. அது படிந்து கசடுக்குப் போனால் போகும், இல்லையென்றால் தண்ணியோடு வரும்.

சட்டம் என்ன அளவு சொல்கிறது? 2017 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் வெளியேறும் தண்ணியில் பி.ஓ.டி. என்கிற உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மலக்கிருமி 100 மில்லிக்கு 1000-க்குள் இருக்க வேண்டும். இது போதாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பி.ஓ.டி. 10 என்றும், மலக்கிருமி அதிகபட்சம் 230 என்றும் சொன்னது. இந்த இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். மின்கடத்துதிறன் எவ்வளவு இருக்கலாம், சோடியம் எவ்வளவு இருக்கலாம், போரான் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு வரி கிடையாது. ஏனென்றால் அந்த விதி ஆற்றையும் கடலையும் மனதில் வைத்து எழுதியது. பயிரை நினைத்து எழுதியது அல்ல. "அரசு அளவுக்குள்ளதான் சார் இருக்கு" என்று அதிகாரி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தண்ணி நம்ம அவரைக்காயைக் கருக்கலாம்.

கடற்கரை ஊரின் தனிச்சிக்கல்: உப்பு

கோயம்புத்தூர் சாக்கடையும் நாகப்பட்டினம் சாக்கடையும் ஒன்றல்ல. கடலோரத்தில் நாலடி தோண்டினால் தண்ணி, அதுவும் பல இடங்களில் உப்புத்தண்ணி. பாதாளக் குழாய் அந்த நீர்மட்டத்துக்குக் கீழே போகும். குழாய் இணைப்பில், ஆள்நுழை தொட்டியில் ஒரு விரிசல் இருந்தால் போதும், சாக்கடை வெளியே கசிவதற்குப் பதிலாக உப்புநீர் உள்ளே கசியும். அது போதாதென்று உப்பு ஏறிய போர்வெல் தண்ணியில் குளிக்கும் வீடுகள், மீன் பதப்படுத்தும் கூடங்கள், ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் களம் என்று எல்லா உப்பும் ஒரே குழாயில் சேர்கிறது. ஆலை அதைத் தொடுவதே இல்லை. ஆகவே உள்ளே வந்த உப்பு கிட்டத்தட்ட முழுதாக வெளியே வரும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணி நிறுத்தினால் சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். ஒரு போகத்தில் 20 அங்குலம் இந்தத் தண்ணியைப் பாய்ச்சுகிறோம் என்று வையுங்கள், 20 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. மின்கடத்துதிறன் 2 என்று காட்டும் தண்ணியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.28 கிராம் உப்பு இருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏக்கருக்கு ரெண்டரை டன் உப்பு! ஐப்பசி, கார்த்திகை மழை அதில் ஒரு பகுதியைக் கழுவிக் கொண்டுபோகும், வடிகால் நன்றாக இருந்தால். களிமண் நிலத்தில், வடிகால் தூர்ந்த இடத்தில் அது அங்கேயேதான் கிடக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்துக் கடலோர வயல்களை மீட்க நம்மாழ்வார் ஐயாவும் உழவர்களும் பட்ட பாடு நமக்குத் தெரியும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, வரப்பு போட்டு மழையைத் தேக்கி வடித்து, தொழுவுரம் கொட்டி மண்ணை உயிர்ப்பித்தார்கள். ஒரே நாளில் கடல் கொண்டுவந்து கொட்டிய உப்பை எடுக்கவே அவ்வளவு உழைப்பு. அதே உப்பைப் போகத்துக்குப் போகம் நாமே மடை திறந்து வயலுக்குள் விடலாமா?

உலக உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் அளவு எளிமையானது. மின்கடத்துதிறன் 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.7-லிருந்து 3 வரை இருந்தால் பயிரைப் பார்த்து, மண்ணைப் பார்த்துப் பயன்படுத்தணும். 3-க்கு மேல் போனால் கடுமையான சிக்கல். போரானுக்கும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் வரை கவலை இல்லை என்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும் ஈ.சி. மீட்டர் சின்னப் பொருள்தான். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கழிவுநீர் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு உழவர் குழுவிடமும் மண்வெட்டி மாதிரி அதுவும் இருக்கணும்.

மழை நாள், கரண்ட் இல்லாத நாள்

ஆலையைத் திறந்து வைக்கும் நாளில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆலையின் உண்மை முகம் தெரிவது வடகிழக்குப் பருவமழையில்தான். மழைநீர் வடிகாலும் சாக்கடைக் குழாயும் எங்காவது ஓரிடத்தில் கலந்திருக்கும். மழை பிடித்தால் ஆலைக்கு வரும் தண்ணி பல மடங்கு ஆகும். தாங்காது என்று தெரிந்ததும் மடையைத் திருப்பி நேரே வடிகாலில் விட்டுவிடுவார்கள். அதே சமயம் நம்ம வயலில் சம்பா நிற்கும். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் வடிகால் வடியாது, திரும்பி வயலுக்குள் ஏறும்.

காற்று ஊதும் எந்திரம் நின்றால் நுண்ணுயிர் மூச்சுத் திணறிச் சாகும். சில மணி நேரத்தில் தொட்டி நாறத் தொடங்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கடலோரத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் நகரம் கழிவறைக்குப் போகாமல் இருக்குமா? ஜெனரேட்டரும் டீசலும் இல்லாத ஆலை புயல் அடித்த மறுநாள் வெறும் சாக்கடைக் குளம்தான்.

இன்னொன்று செப்டிக் டேங்க் லாரி. பாதாள சாக்கடை போகாத வீடுகளின் தொட்டிக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்று தமிழக அரசு 2014-இல் வழிகாட்டு நெறி வகுத்தது. நல்ல ஏற்பாடுதான், இல்லாவிட்டால் அந்த லாரி ராத்திரியில் நம்ம வாய்க்காலைத் தேடி வரும். ஆனால் தொட்டியில் பல வருசம் ஊறிய கழிவு சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஒரே நேரத்தில் லாரி லாரியாகக் கொட்டினால் சின்ன ஆலையின் நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைந்து போகும். லாரி எத்தனை வருகிறது, எந்த நேரத்தில் கொட்டுகிறது என்பதும் நாம் கேட்க வேண்டிய கணக்கு.

தழைச்சத்தும் ஒரு மாசுதான்

"இந்தத் தண்ணியில சத்து இருக்கு, யூரியா செலவு மிச்சம்" என்று ஒரு பேச்சு உண்டு. சத்து இருப்பது உண்மை. தண்ணியில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், மேலே சொன்ன அதே 20 அங்குலத்தில் ஏக்கருக்கு 41 கிலோ தழைச்சத்து இறங்கும். யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டை இரண்டு. நாம் யூரியாவை விட்டு ஒதுங்கி வருசக்கணக்காகிறது. இப்போது பெயர் தெரியாமல் இரண்டு மூட்டை வயலுக்குள் வருகிறது. பயிர் கருகருவென்று வளரும். பார்க்க ஆசையாக இருக்கும். அப்புறம் குலை நோய் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், கதிர் முற்றும்போது சாயும். உயரமாக வளரும் நம்ம பாரம்பரிய நெல் இன்னும் சீக்கிரம் சாயும். பயிர் எடுத்ததுபோக மிச்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆகவே இந்தத் தண்ணியைப் பயன்படுத்தினால் தொழுவுரத்தையும் ஜீவாமிர்தத்தையும் அதற்கேற்பக் குறைக்கத் தெரியணும். அளவு தெரியாமல் அதைச் செய்ய முடியாது.

கசடு: வேண்டவே வேண்டாம்

கசடை "நகராட்சி இயற்கை உரம்" என்று மூட்டை கட்டிக் கொடுக்க வருவார்கள். கருப்பாக, பொலபொலவென்று, நல்ல மக்கு மாதிரியே இருக்கும். நகரத்தின் கழிவுநீரில் இருந்த கன உலோகம், புழு முட்டை, மட்காத ரசாயனம் என்று தண்ணியிலிருந்து நீங்கியது எதுவோ அதெல்லாம் வந்து தங்கிய இடம் அது. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஒரு வருசத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். காட்மியம் மண்ணுக்குள் போனால் நம்ம ஆயுசில் வெளியே வராது.

நகரக் கம்போஸ்ட்டுக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை அளவு வைத்திருக்கிறது. கிலோவுக்கு காட்மியம் 5, நிக்கல் 50, குரோமியம் 50, ஈயம் 100, துத்தநாகம் 1000 மில்லிகிராமுக்குள் இருக்கணும். ஒரு மூட்டை கசடைக்கூட இந்தச் சோதனைச் சீட்டு இல்லாமல் யாரும் இறக்கக் கூடாது. இயற்கை உழவனோ சீட்டு இருந்தாலும் இறக்கக் கூடாது என்பது என் வாதம். அந்தப் பட்டியலில் இல்லாத ரசாயனங்கள் எத்தனையோ இருக்கின்றன.

இது பழமைவாதம் என்று யாராவது சொன்னால் அமெரிக்காவைக் காட்டுங்கள். 1997 டிசம்பரில் அந்த நாட்டு வேளாண் துறை இயற்கை விளைபொருளுக்கான முதல் வரைவு விதியைக் கொண்டுவந்தது. சாக்கடைக் கசடு, மரபணு மாற்றம், கதிர்வீச்சு மூன்றுக்கும் அதில் கதவு திறந்து வைத்திருந்தார்கள். உழவர்களும் நுகர்வோரும் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான கடிதங்களையும் மனுக்களையும் அனுப்பிக் குவித்தார்கள். மூன்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் அங்கே இயற்கை வேளாண்மையில் கசடுக்குத் தடைதான். மெய்ன் மாநிலத்தில் பல வருசங்களுக்கு முன்னால் கசடு கொட்டிய நிலங்களில், எண்ணெயும் தண்ணியும் ஒட்டாத பூச்சுகளுக்குப் போடும் மட்காத ரசாயனங்கள் கிடப்பது பின்னாளில் தெரிந்தது. அந்த நிலத்தைப் பிறகு வாங்கி இயற்கை முறையில் பயிர் செய்தவர்கள்கூடத் தொழிலை நிறுத்த வேண்டி வந்தது. 2022-இல் அந்த மாநிலம் நிலத்தில் கசடு கொட்டுவதையே தடை செய்தது. போட்டவர் யாரோ, இழந்தவர் யாரோ.

சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல். தண்ணியோ கசடோ, பக்கத்து வடிகாலில் புதிதாக எது வந்தாலும் முதலில் உங்கள் சான்றளிப்பு அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். "வாயால சொன்னாங்க" என்பது ஆய்வாளர் வரும் நாளில் செல்லாது.

பத்து வருசம் சோதித்தவர்கள்

தண்ணியை ஒழுங்காகப் பயன்படுத்திய கடற்கரை ஊர் இருக்கிறதா? இருக்கிறது. கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவை ஒட்டிய காஸ்ட்ரோவில். காய்கறி பூமி. போர் போட்டுப் போட்டு இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. நம்ம மீஞ்சூர் கதைதான். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து பாய்ச்சலாமா என்ற கேள்வி வந்தபோது அவர்கள் உடனே மடையைத் திறக்கவில்லை. 1976-இல் ஆய்வைத் தொடங்கினார்கள். ஐந்து வருசம் வயலிலேயே கிணற்றுத் தண்ணியும் சுத்திகரித்த தண்ணியும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பாய்ச்சி, இலைக்கோசு, பூக்கோசு, கூனைப்பூ எல்லாம் விளைவித்து, கிருமியையும் உலோகத்தையும் சோதித்தார்கள். 1987-இல் அறிக்கை வந்தது. 1998-இல்தான் தண்ணி வயலுக்கு வந்தது, சுமார் 12,000 ஏக்கருக்கு.

கவனிக்க வேண்டியது அவர்கள் வைத்த அளவு. பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாய்ச்சும் தண்ணியில் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிக்கு 2.2-க்குள் இருக்கணும் என்பது அந்த மாநில விதி. நம்ம ஊர் ஆலைக்கு விதித்திருப்பது மலக்கிருமி 1000. நம்ம ஆலையில் இல்லாத மணல் வடிகட்டியும் கடுமையான கிருமிநீக்கமும் அங்கே கூடுதலாக உண்டு. "வெளிநாட்ல எல்லாம் பாய்ச்சுறாங்களே" என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். அவ்வளவு செய்த பிறகும் மண்ணில் உப்பு ஏறுகிறதா என்று அங்கே தொடர்ந்து அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அளவு அத்தனை சரியாக இருந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. கழிவுநீரில் பெரும்பகுதியை வேளாண்மைக்குத் திருப்பும் இஸ்ரேலில் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், அந்தத் தண்ணியில் விளைந்த காய்கறியைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் வலிப்பு நோய் மாத்திரையின் அம்சம் கூடியிருப்பது தெரிந்தது. அளவு மிகக் குறைவுதான். ஆனால் நஞ்சில்லா உணவு என்று சொல்லி விற்கும் நமக்கு அது சின்ன விசயம் இல்லை.

வயலில் நாம் செய்யக்கூடியவை

ஆலை ஓடத் தொடங்கும் முன்பே உங்கள் கிணறு, போர்வெல், மண் மூன்றையும் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். "முன்னாடி எப்படி இருந்துச்சு" என்பதற்குச் சீட்டு இல்லாவிட்டால் பின்னால் எந்த வழக்கும் நிற்காது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியபோது கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தில் நின்றது கண்ணீரோடு மட்டும் அல்ல, காகிதத்தோடும்தான். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. மண்ணுக்கு வேளாண் துறைக் கூடமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கிருமிச் சோதனைக்கு எடுக்கும் தண்ணியை அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோகணும்.

ஆலைப் பக்கத்து வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். வரப்போரம் வெட்டிவேர், அதற்கு உள்ளே ஒரு ஆழமான வடிகால், ஒரு வரிசை மரம். ஆலைத் தண்ணி பாயாமலே வெள்ளத்தில் வந்து ஏறுவதைத் தடுக்க இதுதான் முதல் வேலி.

தண்ணியை எடுப்பதென்று முடிவு செய்தால் நேரே வயலுக்கு விடாதீர்கள். குட்டையில் தேக்குங்கள். சில நாள் நின்றால் புழு முட்டை படியும், வெயிலில் கிருமி சாகும், குளோரின் போகும். குட்டையின் வாயில் சம்பும் கல்வாழையும் நட்டால் இன்னும் நல்லது. குட்டை அடியில் படியும் சேற்றை வயலில் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தந்த வழிகாட்டுதலும் இப்படித் தடுப்பு மேல் தடுப்பாக வைக்கத்தான் சொல்கிறது. சொட்டுநீரில், தரையைத் தொடாத காய்க்குப் பாய்ச்சினால் கிருமி பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். தரையோரக் காய்க்கு நூறில் ஒன்றாகக் குறையும். அறுவடைக்கு முன் சில நாள் தண்ணி நிறுத்தினால் இன்னும் குறையும். நல்ல தண்ணியில் கழுவுவது பத்தில் ஒன்றாக்கும். குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது.

ஆகவே கீரை, வெங்காயத்தாள், கொத்தமல்லி, வெள்ளரி, கேரட் போன்றவற்றுக்கு இந்தத் தண்ணி கூடாது. மூங்கில், சவுக்கு, பசுந்தாள் விதை, தென்னை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம், உப்பளவு பார்த்து. உப்பு ஏறிய வயலில் களர்பாலை, குழியடிச்சான் போன்ற நம்ம நெல்லை வைத்துப் பாருங்கள். ஆனால் அவை உப்பைத் தாங்கும், எடுக்காது. தாங்குகிற நெல் இருக்கிறது என்பதற்காக உப்பை விடச் சம்மதிக்க வேண்டாம். தண்ணி பாய்ச்சுபவர் காலில் பூட்ஸ் போடணும், வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவணும். களை எடுக்கும் பெண்கள்தான் இந்தத் தண்ணியில் அதிக நேரம் நிற்பவர்கள், அவர்களிடம் சொல்லாமல் மடையைத் திறக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டிய கணக்கு

வயலுக்குள் நாம் செய்வது பாதிதான். மீதியை நகராட்சியிடம் கேட்டு வாங்கணும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் வாரியம் விதித்த நிபந்தனைகளைப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறது. அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படுபவர் யாரும் அதைப் பார்க்கலாம். இசைவாணையில் என்ன அளவு, எந்த இடத்தில் விடச் சொல்லியிருக்கிறது என்று போய்ப் படியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 வெறும் காகிதம் கேட்பதற்கு மட்டும் அல்ல. பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை உண்டு. ஆலையின் கசடையும் தண்ணியையும் அப்படிக் கேட்கலாம். முறைகேடு தொடர்ந்தால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நாமே குற்றவியல் நீதிமன்றம் போக அதே நீர்ச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு வழி தருகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால் கிராமசபையில் ஐந்து தீர்மானம் போடணும். ஒன்று, மாதாமாதம் சோதனை முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டணும், மின்கடத்துதிறன், சோடியம், போரான், நைட்ரேட், புழு முட்டை சேர்த்து. இரண்டு, மழையிலோ கரண்ட் இல்லாமலோ சுத்தம் செய்யாமல் திறந்துவிடும்போது உழவருக்கும் மீனவருக்கும் அந்த மணியிலேயே போனில் செய்தி வரணும். மூன்று, மழைக்காலத்துக்கு முன் ஜெனரேட்டரும் வடிகால் தூர்வாரலும் தயாரா என்று உழவர், மீனவர் முன்னிலையில் பார்க்கணும். நான்கு, தொழிற்கூடக் கழிவும் உப்புக் கரைசலும் வீட்டுக் கழிவோடு ஒரே குழாயில் சேரக் கூடாது. ஐந்து, கசடு எங்கே போகிறது என்பதற்கு லாரி வாரியாகக் கணக்கு வேணும்.

நாலாவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். குழாயில் போகாத நஞ்சை எந்த ஆலையும் எடுக்க வேண்டியதில்லை. சோப்புத்தூளில் போரானை வெட்டக் கட்டுப்பாடு போட்ட இஸ்ரேலில் கழிவுநீரில் போரான் குறைந்தது. வயலில் செய்ய முடியாததை சோப்புக் கம்பெனி வாசலில் செய்தார்கள்.

இதில் மீனவரை விட்டுவிட்டு நாம் மட்டும் போனால் தோற்போம். "வயலுக்கு வேணாம், கடல்ல விட்டுருங்க" என்று நாம் சொன்னால், அது மட்டி பொறுக்கும் பெண்களின் மடியில் போய் விழும். மட்டியும் ஆளியும் தண்ணியை வடிகட்டித் தின்னும் உயிர்கள், கிருமியையும் உலோகத்தையும் உடம்பில் சேர்த்து வைக்கும். "கடல்ல விடாதீங்க, வயல்ல விடுங்க" என்று அவர்கள் சொன்னால் அது நம்ம தலையில் விழும். நகராட்சிக்கு அந்தச் சண்டை வசதி. இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் ஆலை ஒழுங்காக ஓடும்.

மலமும் சிறுநீரும் மண்ணுக்குத் திரும்ப வேண்டியவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் திரும்பி வருவது அவை மட்டும் அல்ல. நகரம் கழுவி ஊற்றிய அமிலமும் மாத்திரையும் உப்பும் சேர்ந்து வருகின்றன. நகரம் அதைப் பிரித்துத் தரட்டும், அளந்து காட்டட்டும். அதுவரை நம்ம மடைப்பலகை மூடியே இருக்கட்டும். இந்த மழைக்காலம் தொடங்கும் முன் கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நகராட்சியோடு உட்கார்ந்து பேசும்போது மேசையில் வைக்க நம்மிடம் ஏதாவது இருக்கணும் இல்லையா?